பெல்ட் கிடைக்காது என்றார்கள்

இன்று காலை பார்சலைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை கடை முழுக்கப் பரவியது. பல் வைத்த கருப்பு பெல்ட்டுகள், எங்கும் மடங்காமல், பெரிய பெரிய வளையங்களாகப் பெட்டிக்குள் இருந்தன. ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். கவுன்டருக்கு எதிரில் நின்றிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். மல்லிகை வாசனையில் சிநேகிதி நினைவு வருகிறவர்கள் இருப்பார்கள். எனக்கு வாய்த்தவள் நீ.

நீ முதன்முதலாக வந்தபோது, அறுந்த பெல்ட்டைத் துண்டு போலத் தோளில் போட்டிருந்தாய். ஆட்டோவிலிருந்து இறங்கி, இடது முட்டியில் கையை ஊன்றி ஊன்றி, ராபர்ட்சன்பேட்டை பஜார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து வந்து, அதை என் கவுன்டர் மேல் போட்டாய்.

"கடக்காரம்மா, இந்த மாதிரி ஒண்ணு குடுங்க."

அப்பா காலத்திலிருந்து நாங்கள் விற்றது கிளட்ச் கேபிள், செயின், பிரேக் ஷூ, ஸ்பார்க் பிளக். இப்படி ஒரு பொருளை நான் கையில் தொட்டதே இல்லை.

"இது இன்னா வண்டிதும்மா?"

"கரண்ட் பைக்கு. பின் சக்கரத்துக்குப் போற பெல்ட்டு."

"அதுக்கெல்லாம் இங்க ஸ்பேரு வராது. கம்பெனியில கேளுங்க."

"கேட்டுட்டுதான் வரேன். கெடைக்காதுன்றான். நீங்களும் அதயே சொன்னா எப்படி?"

சொல்லிவிட்டு, நான் உட்காரச் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உனக்கும் சேர்த்து டீ சொன்னேன். நம் சிநேகம் அந்த டீயில்தான் ஆரம்பித்தது.

சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் பிறந்தவள் நீ. உன் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். போலியோவில் உன் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலோடு நர்சிங் படித்தாய். பெங்களூரு ஆஸ்பத்திரி வேலைக்கு தினமும் ரயிலில் நின்றுகொண்டே போய் வந்து, ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு, இங்கேயே வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பழைய தொழிலாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாய். புண்ணைக் கழுவிக் கட்டுவது, ட்யூப் மாற்றுவது, நெஞ்சில் தூசி அடைத்துப்போனவர்களுக்கு மூச்சுக்கு மருந்து வைப்பது. லைனுக்கு லைன் ஏறி இறங்க உனக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

எல்லோரும் பக்கச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டரை வாங்கச் சொன்னார்கள். அது தேவைப்படுகிறவர்கள் ஓட்டட்டும், எனக்குத் தேவையில்லை என்றாய். கரண்ட் பைக்கில் கியர் இல்லை, கிளட்ச் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை. நிறுத்தும்போது வலது காலை ஊன்றினால் போதும். "எனக்குன்னே செஞ்ச மாதிரி கீதுடி" என்று நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊர் உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பழகியிருந்தது. நீ பைக்கில் போனதும் முதலில் சிரித்தது. பிறகு வழிவிட்டது.

அந்த வண்டிதான் பெல்ட் அறுந்து, லைன் வீட்டு வாசலில் அசையாமல் நின்றது.

பெங்களூரு ஷோரூமுக்கு நாம் இருவரும் போன நாளை நான் மறக்கவில்லை. கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு உன்னோடு ஏன் கிளம்பினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வரிசையாகப் புது வண்டிகள். மேனேஜர் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். பெல்ட் வராதாம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாமாம்.

நீ புது வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாய். சீட் உயரம். உன் வலது கால் தரையில் எட்டவில்லை. அந்தரத்தில் ஆடிய உன் செருப்பை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"இதுல நான் எப்படி சார் நிறுத்துவேன்?"

"மேடம், உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்கு வேற டைப் வண்டி வருதே..."

நீ மெதுவாக இறங்கினாய். குரலை உயர்த்தவில்லை.

"நான் பாக்குற தாத்தாவுங்க அத்தினி பேரும் பழைய மாடல்தான் சார். ஸ்பேரு வராது, நிறுத்திட்டாங்கன்னு நான் வுட்டுட்டு வந்துட்டா சரியா இருக்குமா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது உனக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நீயோ அறுந்த பெல்ட்டை மடியில் வைத்து அதன் பற்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தாய். பங்காருபேட்டை வருவதற்குள் மூன்று தரம் எண்ணி முடித்திருந்தாய்.

"எண்ணி இன்னாடி பண்ணப்போற?" என்றேன்.

"பல்லு இத்தினி, அகலம் இத்தினி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இடம் இத்தினி. பேக்டரி மிஷினுக்கு இதே மாதிரி பெல்ட்டு இல்லாமயா போவும்? உலகத்துல அவன் ஒருத்தன்தான் ரப்பர் செய்றானா?"

வண்டி ஓடாத நாட்களில் நீ ஆட்டோவிலும் நடந்தும் வேலைக்குப் போனாய். ஒரு நாள் உன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். லைனின் கடைசி வீடு. ஷாப்டுக்குள், அதாவது சுரங்கக் குழிக்குள், ஆட்களைக் கேஜ் என்ற கூண்டில் இறக்கி ஏற்றும் வேலை பார்த்த ஒரு தாத்தா. நீ அவர் முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாய். குப்புறப் படுத்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"கேஜு ரோப்பு தேஞ்சிபோனா இன்னா பண்ணுவோம்? ஷாப்டையா மூடுவோம்? ரோப்ப மாத்துவோம்."

"ஷாப்டையும் மூடிட்டாங்களே தாத்தா."

"அது வேற கதம்மா. ரோப்புக்காக மூடல."

நீ சிரித்த சிரிப்பில் மருந்துத் தட்டே ஆடியது.

பெங்களூரு மார்க்கெட்டில் மெஷின் பெல்ட் விற்கும் கடைகளுக்கு நான் போன் போட்டேன். முதலில் வந்த பெல்ட்டில் கணக்கெல்லாம் சரியாக இருந்தது. பஜாரில் எந்த மெக்கானிக்கும் கை வைக்கவில்லை. கரண்ட் வண்டி, ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கினார்கள். "அப்படின்னா நாமளே மாட்டலாம்" என்றாய். நானோ செயின் விற்றிருக்கிறேனே தவிர மாட்டியதில்லை. செயினாக இருந்தால் ஒரு கண்ணியைக் கழற்றிக் கோத்துவிடலாம். பெல்ட் முழு வளையம். பின் சக்கரத்தையே கழற்றினால்தான் உள்ளே போகும். என் கடை வாசலில் கோணியை விரித்து, நீ தரையில் உட்கார்ந்து, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிப் போட்டாய். பிறகு சக்கரத்தை இழுத்தோம். புடவையில் கிரீஸ். சுற்றிலும் கூட்டம். "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து வண்டிய நாசம் பண்ணுதுங்க" என்றான் ஒருவன். "உன் வண்டியயும் கொண்டா, அதையும் சேத்து நாசம் பண்றோம்" என்றாய்.

நாசம்தான் ஆனது. நான் பின்னால் உட்கார்ந்திருக்க, உரிகம் மேட்டில் ஏறும்போது பெல்ட் கிறீச்சென்று கத்தி, பல் தாண்டி, பாதி வழியில் பல்லெல்லாம் உதிர்ந்து நின்றது. பெல்ட் ஓடும் நம் புல்லிச் சக்கரத்தின் பள்ளங்கள் உருண்டை. அந்தப் பெல்ட்டின் பற்கள் சதுரம். நான் மேட்டின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். நீ உதிர்ந்த பற்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தாய். "அழறதுன்னா அழு. ஆனா அழுதுகினே தள்ளு" என்றாய். நான் தள்ளினேன். நீ ஹேண்டிலைப் பிடித்து நொண்டி நொண்டி நடந்தாய். வழியில் உதவிக்கு வந்த இருவரை "வாணாம்பா" என்று அனுப்பிவிட்டாய். அன்று உன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

உருண்டைப் பல் வைத்த இரண்டாவது பெல்ட் பொருந்தியது. நடுவில் விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் இறங்க வேண்டும், ரொம்ப இறுக்கினால் மோட்டார் பேரிங் போய்விடும், தளர்ந்தால் பல் தாண்டும் என்பதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றோம். சக்கரம் நேராக நிற்கும்வரை நட்டை மாற்றி மாற்றித் திருகினோம். நீ ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி சத்தமில்லாமல் நழுவியது. அப்படியே போனவள், மாரிக்குப்பம் வரை போய்த் திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாய். பஜாரே எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு, தங்கம் பிரித்தபின் மலையாகக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மணலோடு உனக்குச் சண்டை. காற்றடித்தால் பறந்து வந்து புல்லியில் உட்கார்ந்து பெல்ட்டை அரைக்கும். தகரத்தில் ஒரு மூடி செய்து மாட்டினாய். அதைப் பார்த்துவிட்டு இதே வண்டி வைத்திருந்தவர்கள் கோலாரிலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். வெளிப் பெல்ட் மாட்டினால் வாரன்டி போய்விடும் என்று ஷோரூமில் மிரட்டினார்களாம். "வண்டியே போயிடுச்சின்னு சொன்னவன் வாரன்டிய வெச்சிகினு இன்னா பண்ணுவான்?" என்று அவர்களைக் கேட்டாய்.

பிறகு ஒரு காலை நீ போய்விட்டாய். டீ போட்டுக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்றாயாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கோலாருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. இதற்கு எந்த ஸ்பேரும் இல்லை. இருந்திருந்தால் நான் எந்தக் கடையையும் விட்டுவைத்திருக்க மாட்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் லைன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் பழைய இரும்புக்காரர் நின்றிருந்தார். உன் அண்ணன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய பார்த்தா மனசு கேக்கலம்மா. எடைக்கு போட்டுடலாம்."

உறவுக்காரப் பெண் ஒருத்தி உள்ளேயிருந்து சொன்னாள்: "பொம்பளைக்கு ஒத்துக்காத வண்டி. அன்னிக்கே சொன்னேன்."

எனக்குள் எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "அவ வண்டியால சாவலம்மா. வண்டியாலதான் வாழ்ந்தா. போடக்கூடாதுங்கண்ணா."

"யாரும்மா ஓட்டப்போறாங்க?"

"நான்."

அதுவரை சைக்கிள்கூட ஓட்டாதவள் நான். உன் அண்ணன் எழுந்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்து, இரும்புக்காரரிடம் "நீங்க போங்க" என்றார்.

மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். விழுந்தேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவளுக்கு இது தேவையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தேவை என்றேன். நீ பார்த்துவந்த தாத்தாக்களைப் பார்க்க பங்காருபேட்டையிலிருந்து ஒரு நர்ஸ் பெண் ஒப்புக்கொண்டாள், ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போக ஆள் இருந்தால் வருவதாக. ஆள் இருக்கிறேன். காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்கிவிட்டு, அப்புறம்தான் கடை திறக்கிறேன். பெல்ட் தேய்ந்தபோது நானே கழற்றி நானே மாட்டினேன்.

உன்னை நினைத்தால் எனக்கு அழுகையைவிட முதலில் வருவது ஒரு பிடிவாதம். 'கிடைக்காது', 'முடியாது', 'உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்கு' என்று யார் ஆரம்பித்தாலும் முதுகு தானாக நிமிர்கிறது. இதை நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாயா, நானே எடுத்துக்கொண்டேனா, தெரியவில்லை. எதுவானாலும் திருப்பித் தரமாட்டேன்.

நேற்று உரிகம் மேட்டில் ஏறும்போது பின்னால் ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. பின்சீட்டில் இருந்த அந்தப் பெண் பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, ஓரமா ரோடே இல்லாத எடத்துல எறங்கிடலாம். அவரு போயிடட்டும்."

"ரோட்டுலதான போறோம்? அவரு காத்துகினு வரட்டும்."

மேடு முடியும்வரை லாரி கத்திக்கொண்டே வந்தது. நான் என் வேகத்திலேயே ஏறினேன்.