நாடாவைத் துடைத்தவன்

ஜூன் 25, புதன்

மேல்காத்து. ஷட்டரைத் தூக்கும்போதே கண்ணில் மண். வாசலில் ஈரச்சாக்கு போட்டும் பயனில்லை. மெஷின் மூடிமேல் வெள்ளையாகப் படிவு. உப்பா, துறைமுகச் சாலைத் தூசியா, தெரியவில்லை.

பெரிய ஃப்ளெக்ஸ் பிரிண்டர் நேற்றிலிருந்து சரியில்லை. எழுத்துக்கெல்லாம் நிழல் விழுகிறது. ஒரு 'அ' இரண்டு 'அ'வாகத் தெரிகிறது. அதை ஓட்டுவது அமலிதான். கடை தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறாள், அவள் புருஷனுக்கு மாலத்தீவு போகும் தோணியில் வேலை. அச்சான ஃப்ளெக்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, ஹெட்டு எங்கன நிக்கிதுன்னு அதுக்கே தெரியல போலுக்கு."

மதுரை மெக்கானிக்குக்குப் போன். நாகர்கோவிலில் வேறு வேலையில் இருக்கிறாராம். "சனிக்கிழமைக்குள்ள வந்துர்றேண்ணே. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

தொடக் கூடாதாம். என் கடை, என் மெஷின்.

வாங்க: இரண்டு பக்க டேப், கொசுவத்தி, கண்ணுக்குச் சொட்டு மருந்து.

ஜூன் 26, வியாழன்

போனில் வீடியோ பார்த்தேன். இந்தி. பேச்சு புரியவில்லை, கை செய்வது புரிந்தது. மை தெளிக்கும் ஹெட் ஓடும் பாதை நெடுக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். அதைப் படித்துத்தான் ஹெட் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நாடாவில் அழுக்கு ஏறினால் நிழல் விழும். துடைத்தால் தீர்ந்தது. இதற்கா மதுரையிலிருந்து ஆள்.

மதியம் அமலி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். ஹெட் கழுவும் சால்வெண்டைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது. இவ்வளவு அழுக்கா என்று சந்தோஷம். இன்னும் அழுத்தித் துடைத்தேன். பிறகுதான் வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தேன். துடைத்த இடத்தில் கோடே இல்லை. பின்னால் இருக்கும் சுவர் தெளிவாகத் தெரிந்தது.

மூடியைச் சாத்தினேன். டீ குடிக்கப் போனேன். 'ஓட்டாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் ஏன் என்று கேட்பாள். அதனால் ஒட்டவில்லை.

திரும்பும்போது தெருவிலேயே சத்தம் கேட்டது. அமலி வந்து ஃப்ளெக்ஸை மாட்டி ஓட விட்டிருக்கிறாள். ஹெட் கண்மண் தெரியாமல் ஓடி ஓரத்தில் மோதியிருக்கிறது. பக்க மூடியில் விரிசல். சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஃப்ளெக்ஸு ஓரம் தூக்கிட்டு இருந்திருக்கும் அண்ணாச்சி. நான் அமுக்கிப் பாக்கல. ஹெட்டு அதுல மாட்டியிருக்கும்."

"ஏளா, பாத்து ஓட்டக் கூடாதா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதப் பார்த்தேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் கரண்ட் இல்லை. வெக்கை. இட்லி நன்றாக இருந்தது, இறங்கவில்லை.

வீட்டில் சுந்தரி மெஷினைப் பற்றிக் கேட்டாள். "அமலி ஓட்டும்போது மோதிட்டு" என்றேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாத வாக்கியம். சுந்தரி தட்டை எடுத்தபடி சொன்னாள்: "அந்தப் பிள்ள அப்படி அசட்டையா இருக்க மாட்டாளே." என் மனைவிக்கு அவளைத் தெரிந்திருக்கிறது.

மதுரைக்காரருக்கு மறுபடி போன். சரியாகிவிட்டது, வர வேண்டாம் என்று சொன்னேன். வந்தால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே நானே சரிசெய்ய வேண்டும்.

மோதியதில் நாடா போயிருக்கும், மாற்ற வேண்டும் என்று அமலியிடம் சொன்னேன். "எங்க சித்தி மவன் சென்னையில அந்தச் சாமான் விக்கிற தெருவுலதான் வேல பாக்கான். பஸ்ஸுல போட்டுவிடச் சொல்லுதேன்." அவன் எடுக்கும்வரை விடாமல் கூப்பிட்டாள். வேண்டாம், நான் பார்க்கிறேன் என்றதற்கு, "எந் தப்புதான அண்ணாச்சி, நாந்தான பாக்கணும்."

எதிரே உட்கார முடியவில்லை. பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பீச் ரோட்டில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஒரு நாய் வந்து பக்கத்தில் படுத்தது.

ஜூன் 28, சனி

பக்கத்துக் கிராமம் புதுக்கோட்டையில் ஒரு பூப்புச் சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ் இன்று கொடுக்க வேண்டியது. நாளை விசேஷம். அமலி காலையிலேயே ஃபைலைக் கொண்டுபோய் வேறொரு கடையில் கெஞ்சிவிட்டு வந்தாள். அங்கே வேலை குவிந்து கிடக்கிறது, சாயங்காலம் தருவார்களாம்.

அதற்குள் பெண்ணின் தாய்மாமன் வந்துவிட்டார். புதுச் சட்டை, வியர்வை.

"சாய்ங்காலம்னா எப்படி? இன்னைக்கு ராத்திரி சீர்த்தட்டு போகுததுக்கு முந்தி வாசல்ல படம் நிக்கணும். சொந்தக்காரன் பூராம் வந்துருவான். நான் என்னத்தச் சொல்ல?"

நான் வாயைத் திறக்குமுன் அமலி முன்னால் வந்து அவரிடம் சொன்னாள். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மெஷின நாந்தான் கெடுத்துட்டேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பொம்பளைய மெஷினுல விட்டா இப்படித்தான். வீட்டுல அடுப்பயாவது ஒழுங்காப் பத்த வைப்பியா நீ?"

விசிட்டிங் கார்டுக்கு வந்து நின்றவர்களில் ஒருவன் சிரித்தான்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புப் பாக்கெட் லேபிள் ஒன்று. அதன் கறுப்பு எழுத்தை நீலமாக்கினேன். மறுபடி கறுப்பாக்கினேன். அவர் போகும்வரை அதைத்தான் செய்தேன்.

அமலி அழவில்லை. விளக்குமாற்றை எடுத்து, ஏற்கனவே பெருக்கின தரையைப் பெருக்கினாள்.

ஃப்ளெக்ஸ் கிடைத்ததும் அவளே பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே வீட்டுக்குப் போனாள்.

ஜூன் 30, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

பார்சல் வந்தது. மூங்கில் குச்சியில் சுற்றி, செய்தித்தாளில் பொதிந்து பத்திரமாக அனுப்பியிருக்கிறான் அமலியின் சித்தி மகன்.

மதியத்துக்கு மேல் உட்கார்ந்தோம். அவள் டார்ச் பிடித்தாள். பழைய நாடாவின் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் ஸ்பிரிங். கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இங்கன கோடே இல்லியே. மோதினா கோடு அழியுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். இடம் இருந்தது, நேரம் இருந்தது, வேறு யாரும் கடையில் இல்லை.

"உப்புக் காத்துல அரிச்சிருக்கும்" என்றேன்.

"அப்ப எம்மேல தப்பில்லியா?"

"இல்ல."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "எம்மா, நான் கெடுக்கலயாம். உப்புக் காத்தாம். இன்னைக்காவது நல்லாச் சாப்பிடு." வீடே சாப்பிடாமல் இருந்திருக்கிறது போல.

புது நாடாவை முதல் தடவை தப்பாக மாட்டினேன். அதைப் படிக்கும் கருவியின் வாய்க்குள் போகாமல் வெளியே ஓடிவிட்டது. கழற்றி மறுபடி. ஹெட்டைக் கையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிப் பார்த்தோம். சுவிட்ச் போட்டதும் தன் இடத்தில் போய் அமைதியாக நின்றது. எழுத்தில் நிழல் இல்லை.

"மதுரைக்காரரே தேவையில்ல அண்ணாச்சி உங்களுக்கு."

நன்றாகத்தான் சரிசெய்திருக்கிறேன். அதைக்கூடச் சந்தோஷமாக எழுத முடியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காற்று இன்னும் விடவில்லை. பக்கத்துக் கடை போர்டு கழன்று தொங்குகிறது.

அமலி வந்ததிலிருந்து முகம் சரியில்லை. பழைய நாடாவைப் படம் எடுத்து மதுரை மெக்கானிக்குக்கு அனுப்பியிருக்கிறாள். உப்புக் காற்றுக்கு இதை எப்போதெல்லாம் மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"அந்த ஆளு என்ன சொல்லுதாரு தெரியுமா அண்ணாச்சி? யாரோ சால்வெண்டு போட்டுத் தொடச்சிருக்காங்களாம். எங்க கடையில அப்படி ஒருத்தரும் செய்ய மாட்டாங்க, எங்க அண்ணாச்சி கூடவே உக்காந்து எல்லாம் பாப்பாருன்னு நல்லாக் கேட்டுட்டேன்."

எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

"நாந்தான் தொடச்சேன்" என்றேன்.

சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மறுபடி சொன்னேன். "வியாழக்கிழம நீ சாப்பிடப் போயிருந்தப்ப. சால்வெண்டு போட்டு நாந்தான் தொடச்சேன். நீ வந்து ஓட்டுததுக்கு முந்தியே அது போச்சு."

ஃப்ளெக்ஸ் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை உள்ளே தள்ளி மேஜையில் வைத்தாள்.

"சனிக்கிழம அந்தச் சடங்கு வீட்டு ஆளு என்னய ஏசும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

கத்தியை மறுபடி எடுத்தாள். அந்த ஓரத்தை முழுக்க வெட்டி முடித்தாள். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, வாங்க வருகிறவர் பெயரை எழுதி, மூலையில் நிறுத்தினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

அமலி வரவில்லை. போன் எடுக்கவில்லை.

சுந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "ஞாயித்துக்கிழம மார்க்கெட்டுல அவளப் பாத்தேன். வேலையில கவனமா இருன்னு புத்தி சொன்னேன். தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா" என்று மட்டும் சொன்னாள். தோசை ஊற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

புதுக்கோட்டை தாய்மாமனுக்குப் போன் போட்டேன். மெஷினைக் கெடுத்தது நான், அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை, நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன்.

"அத விடுங்க அண்ணாச்சி, விசேஷம் நல்லபடியா முடிஞ்சிட்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தப் பிள்ள?" என்றார்.

ஜூலை 3, வியாழன்

இன்றும் வரவில்லை. புது மீன்பிடி வள்ளம் ஒன்றுக்குப் பெயர் ஸ்டிக்கர். நானே ஓட்டினேன். நிறம் ஒத்து வரவில்லை, இரண்டு தடவை வீணாகிவிட்டது. வள்ளத்துக்காரர் கேட்டார்: "அமலி இல்லியா?"

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவள் தூங்குவதாகச் சொன்னாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவிடமே சொன்னேன், நான்தான் கெடுத்தேன், உங்கள் மகள் இல்லை என்று. "சொன்னா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காற்று கொஞ்சம் தணிவு.

கடை திறக்கப் போனால் அமலி ஷட்டர் பக்கத்தில் நிற்கிறாள். உள்ளே வந்ததும் சொன்னேன். தப்பு என்னுடையது. சுந்தரியிடம் சொல்லிவிட்டேன். புதுக்கோட்டைக்காரருக்கும் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"சரி சார்."

கடைக்கு வந்த நாளிலிருந்து அண்ணாச்சி. இப்போது சார்.

மெஷினை ஓட விட்டாள். வள்ளத்து ஸ்டிக்கரைச் சரியான நிறத்தில் எடுத்துக் கொடுத்தாள். டீ வந்தபோது தன் கிளாஸை எடுத்துக்கொண்டு வாசலில் போய்க் குடித்தாள். மதியம் பூட்டுகிற நேரத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், மஞ்ச இங்க் தீரப் போகுது" என்றாள்.

ஆர்டர் போட்டுவிட்டேன்.