லண்டனிலிருந்து வந்த பேணி

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
1947 தை 19.

அன்புள்ள மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள். அப்பாவுக்கு இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. தபால்காரன் மணி அடித்தால் இன்னும் அவர்தான் முதலில் வாசலுக்குப் போகிறார், கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் தருகிறார். உன் போன கடிதத்தில், எமிலியின் கலியாணம் எப்படி நடந்தது, நான் அனுப்பிய மருந்து போட்ட வைன் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். தங்கச்சியின் கலியாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து உனக்கு வைனைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியது. சரி, சொல்கிறேன், இருந்து வாசி.

நீ கப்பலேறிய இரண்டாம் வருஷம், ஜெர்மன்காரன் சண்டை தொடங்க முந்தி அந்தத் தகரப் பேணியை அனுப்பினாய். வைன் புளிக்காமலும் கெடாமலும் இருக்கப் போடுகிற கந்தகத் தூள் என்று எழுதி, ஒரு கலனுக்கு எவ்வளவு போடவேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிப் பேணியின்மேல் ஒட்டியும் இருந்தாய். எமிலியின் கலியாணத்துக்கு நானே வந்து என் கையால் போட்டுத் தருவேன் என்று கடிதத்தில் எழுதியதும் நீதான். மறந்திருப்பாய். அப்பா மறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நான் பழையபடி முந்திரிகைப்பழ வற்றலை ஊறவைத்து, வடித்து, போத்தலில் அடைக்கும்போது ஒரு வாய் சாராயம் ஊற்றி மூடினேனே தவிர, உன் பேணியில் கை வைக்கவில்லை. அது அலுமாரிக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்த உயிர்த்த ஞாயிறன்று படிக்குக் கீழே ஓடிப் பதுங்கினோம். நான் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன், உன் அப்பா பேணியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவரை நான் ஒரு மாதம் ஏசினேன்.

கை வைக்கவில்லை என்றேனே, அதிலும் பாதிதான் உண்மை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதை இறக்கிவிடுவார். மகன் லண்டனிலிருந்து அனுப்பினது, மணந்து பாருங்கோ என்று மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். முதல் இரண்டு வருஷமும் வந்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்குப் பெரிய சந்தோஷம். சுவாமியாரே தும்மினார். போன வருஷம் பக்கத்து வீட்டு ருக்கியாவிடம் காட்டினபோது அவள் இரண்டு தரம் மணந்துவிட்டு, "என்ன அக்கா, இப்ப மூக்குல ஒண்டும் ஏறல்லையே" என்றாள். வைன் பக்கமே போகாத உனக்கு இதில் என்ன தெரியும் என்று நான் அவளுக்குப் பாய்ந்தேன். அவள் மூடியை மூடித் தந்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு விளங்கினது எனக்கு விளங்கவில்லை.

ஆனியில் கலியாண வைனுக்குப் போட்டேன். நான்கு சாடி. அதுவரை உனக்காகக் காத்திருந்தோம். லீவு கிடைக்காது, கப்பலில் இடமில்லை என்று நீ எழுதின பிறகுதான் அப்பா பேணியை எடுத்துத் தந்தார், அவன் சொன்ன அளவில் போடு, பிள்ளை வந்து போட்டமாதிரி இருக்கட்டும் என்று. நீ எழுதின அளவு பிசகாமல் போட்டேன். வடித்து அடைக்கும்போது சாராயம் ஊற்றவில்லை. லண்டன் மருந்து போட்டதற்குப் பிறகு சாராயம் எதற்கு என்று எனக்கும் ஒரு பெருமை. எத்தனை வருஷமாக வைன் போடுகிறவள் நான், என் கைப்பழக்கத்தை விட்டு உன் எழுத்தை நம்பினேன். அடைக்கிற அன்று வாயில் விட்டுப் பார்த்தேன், தேனாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் கலியாணம். கோயிலால் வந்து பந்தலில் எல்லோரும் இருந்த பிறகு அப்பா எழும்பி, இது தூரத்திலிருக்கிற என் மகன் கொடுக்கிறது என்று சொல்லிக் கிளாசைத் தூக்கினார். வாயில் வைத்ததும் எல்லோர் முகமும் கோணிப்போனது. வைன் இல்லையடா மகனே, வினாகிரி, புளித்த காடி. மாப்பிள்ளையின் தாய் கிளாசை மேசையில் வைத்து, அச்சாறு போட நல்லாயிருக்கும் என்றாள். சிரித்தார்கள். அப்பா மட்டும் ஒரு மடக்கும் மிச்சம் வைக்காமல், முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். பாமன்கடையில், புகுந்த வீட்டுப் பக்கம், எமிலிக்கு இப்போது வினாகிரி வீட்டுப் பொம்பிளை என்றுதான் பேராம். உனக்கு எழுதவேண்டாம் என்று அவள் அழுதாள். நான் எழுதுகிறேன்.

பிறகு பேணியை மருந்துக்கடை யோகநாதனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நீ ஒட்டின தாளின் மூலையைக் கத்தியால் மெல்லக் கிளப்பிக் கீழே அச்சடித்திருந்த இங்கிலீசை வாசித்தார். காற்றுப் படாமல் இறுக்கி மூடி வைக்கவேண்டும், திறந்தால் ஒரு வருஷத்துக்குள் பாவித்து முடிக்கவேண்டும், அதற்குப் பிறகு சத்து இல்லை. அதைத்தான் நீ உன் எழுத்தை ஒட்டி மறைத்துவிட்டாய். வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஒரு வருஷத்தில் நீயே வந்துவிடுவாய், அந்த வரி எங்களுக்கு எதற்கு என்று நினைத்திருப்பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நீ அனுப்பின புதுப் பேணியும் போன கிழமை வந்தது. அப்பாவுக்குக் காட்டாமல் அன்றைக்கே உடைத்தேன். ஒரு சாடிக்குப் போட்டேன், மிச்சத்தை வைன் போடுகிற இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறவர்கள் குடிப்பார்கள். உனக்கென்று ஒரு போத்தலும் ஒளித்து வைக்கமாட்டேன், இனி உனக்கென்று எதையும் எடுத்து வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை. பழைய பேணியையும் குப்பையில் போடப் போனேன். அப்பா பறித்துக்கொண்டார். சோற்றுப் பருக்கையை நசுக்கி, கிளம்பின மூலையைத் தடவித் தடவி ஒட்டினார். சத்துப்போன சாமான் எதற்கு என்று கத்தினேன். "தூளிலை சத்தில்லாட்டி என்ன, மேலை பிள்ளையின்ரை எழுத்து கிடக்குது" என்றார். அந்த எழுத்தை அவரால் இப்போது வாசிக்க முடியாது.

கண் டாக்டர் வலது கண்ணுக்கும் ஒரு வருஷம்தான் சொன்னார். இதை உனக்கு எழுதவேண்டாம் என்றது அப்பா.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, மாதா உன் கூடவே இருப்பாளாக. குளிருக்குக் காதை மூடிக்கொள், பூசையை விடாதே. இனிப் பேணி ஒன்றும் அனுப்பாதே. வருவதென்றால் பகலில் வந்து சேருகிற கப்பலாகப் பார்த்து ஏறு. பொழுதுபட்டால் அப்பாவுக்கு ஆட்களின் முகம் தெரிவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
மதலேனம்மா