கல்லைப் பிடித்த வேர்

ஷார்ஜா,
நவம்பர் 16

அன்புத் தம்பி ஸ்ரீகாந்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மாமா, தாரிணி, நான் மூவரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது யார் யார் கைக்குப் போகுமோ தெரியாது. உன் கம்பெனி சதீஷ்குமார் நாளை ஓமானுக்கு, சோஹார் திரும்புவதாகச் சொன்னார். அவரிடம் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்த மாதிரி இருந்தால் எனக்குச் சொல்.

தாரிணிக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், மாமாவுக்கு அதில் ஒரு வருத்தம். வெயில் போய்விட்டதால் பால்கனியில் செடிகள் மூச்சு விடுகின்றன. பக்கத்து வீட்டு ஏசியின் அனலில் வெந்துபோனவை போக மிச்சமிருப்பதெல்லாம் கெட்டி உயிர்கள். நீ போன வருஷம் கிள்ளிக் கொடுத்த கள்ளிமுளையான் பூத்திருக்கிறது. ஈ மொய்க்கிறது, நாற்றம் தாங்கவில்லை, மாமா கதவைத் திறக்க விடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்கள் முள்செடி வட்டத்தின் கூட்டம், வழக்கம்போல் துபாய் மிர்திஃபில், நீ ஒருமுறை என்னோடு வந்து பார்த்த சேதுமாதவன் சார் வீட்டு முற்றத்தில். தொட்டி மாற்றும் நாள். ஆளாளுக்குத் தங்கள் செடியைக் கொண்டுவந்து பழைய மண்ணை உதறி, வேரைப் பார்த்து, புது மண்ணில் வைப்போம். உமாராணி சுண்டல் செய்துகொண்டு வந்திருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சேது சார் உள்ளேயிருந்து அடினியம் என்கிற பாலைவன ரோஜாக்கள் சிலவற்றை வெளியே எடுத்துவந்து வைத்தார். அடிமரம் என் இடுப்புப் பருமன் இருக்கும். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அல் ஐன் பக்கம் ஒரு நண்பரின் நர்சரியில் விதை போட்டு வளர்த்தவை என்றார். வட்டத்துக்காரர்களுக்கு மட்டும் தருவதாகவும் சொன்னார்.

நான் கல்லூரியில் தாவரவியல் எடுத்தவள் என்பது உனக்குத் தெரியும். ஒரு தொட்டியைச் சரித்து மண்ணைத் தட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். வேர் ஒரு சிவப்புக் கல்லை நாலு பக்கமும் சுற்றி வளர்ந்து, அதை விழுங்கிய மாதிரி பிடித்திருந்தது. தொட்டி மண்ணில் அப்படி வளராது. பாறை இடுக்கில் பல வருஷம் கிடந்தால்தான் வேர் கல்லை அப்படிக் கட்டிக்கொள்ளும். கீழ் வேரைக் கடப்பாரையால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். வெட்டுக்காயத்தில் கரித்தூள் அப்பியிருந்தது. தண்டு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, தினமும் காற்றடிக்கிற மலைச்சரிவில் நிற்கிற மரம் மாதிரி.

எங்கள் வட்டத்தில் முதல் விதியே மலைச் செடியைத் தொடக்கூடாது என்பதுதான், சட்டமும் அதுதான். ஹத்தாவுக்குப் போனாலும் புஜைரா மலைக்குப் போனாலும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவோம். அந்த விதியை எழுதியவரே சேது சார்தான். நான் மண்ணைத் திரும்பப் போட்டு மூடினேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, வேர் நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்றேன்.

நான் கிளம்பும்போது மீதமிருந்த கல்மண் மூட்டையைத் தன் கார் டிக்கியில் வைக்கச் சொன்னார். டிக்கியைத் திறந்தேன். உள்ளே ஒரு நீல ஐஸ் பெட்டி. அதன் உடைந்த கைப்பிடியில் தாரிணியின் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. கட்டியது நான். நீ ஒவ்வொரு தடவையும் எனக்கு மீன் கொண்டுவரும் பெட்டி அது. போன மாதம் கேட்டபோது ரூமில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாய்.

ஒரே மாதிரிப் பெட்டிகள் ஆயிரம் இருக்கும். ஒரே மாதிரி ரிப்பன் முடிச்சு இருக்குமா?

போன தடவை நீ வந்தபோது அஜ்மானில் நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் வெகு நேரம் கழித்துத்தான் வந்தாய். கை கழுவியும் நகக்கண்ணில் செம்மண் இருந்தது. கார் அழுக்கு என்றாய். அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பெட்டி எப்படி அங்கே போனது என்று ஒரு வரி எழுது. மாமாவிடம் இதுவரை சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே மாட்டேன். பொள்ளாச்சியில் அருணா வீட்டார் கல்யாணத் தேதி குறிக்கக் காத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஷியாமளா

* * *

ஷார்ஜா,
டிசம்பர் 21

அன்புத் தம்பி ஸ்ரீகாந்துக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னேன், நீ போன் செய்தாய். "அக்கா, சேது சார் வஞ்சிரம் கேட்டாரு, பெட்டியோட குடுத்துட்டேன், இதுக்கா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேது சார் பாலக்காட்டுக்காரர், சுத்த சைவம். எங்களோடு வெளியே வந்தால் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாமல் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருகிறவர். அவருக்கு வஞ்சிரமா? பொய் சொல்வது என்றால் ஆளைத் தெரிந்துகொண்டாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஷம்சியா என்று ஒரு பெண் இந்த வருஷம் எங்கள் வட்டத்தில் சேர்ந்தாள். காயல்பட்டினத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள், படம் எடுப்பாள். அந்த ரோஜாக்களையும் வளைத்து வளைத்து எடுத்தாள். இரண்டு வாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் படங்களை எங்கேயோ அனுப்புகிறாள், அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று. யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் சேது சார் அவளை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் அவள் மேல் சந்தேகம் இருந்தது, அதனால் நானும் கேட்கவில்லை. அவள் யாரிடமாவது சொல்லியிருந்தால் முதலில் மாட்டப்போவது யார் என்றுதான் என் புத்தி ஓடியது.

இதற்கிடையில் சேது சார் என்னைக் கூப்பிட்டார். குரல் எப்போதும்போல் மெதுவாக, பிரியமாக இருந்தது. "உங்க தம்பி தங்கமான பையன்மா. ஜெபல் அலில என் பிரெண்டோட கம்பெனில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். கல்யாணம் ஆச்சுன்னா பொண்டாட்டியோட உங்க பக்கத்துலயே இருக்கலாம். பையனுக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாதில்லையா? நாமதான் வாயை வச்சுட்டு சும்மா இருக்கணும்" என்றார். நான் செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மலைச் செடிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுக்கிற வேலையில் நீ எதற்காக இறங்கினாய் என்று. தாரிணி பக்கத்தில் இருக்க வேண்டும், அருணாவைக் கூட்டிவர வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அந்த ஆசையை அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

மறுநாளே பஸ் பிடித்து தேராவுக்குப் போனேன். ஏலக்காய் வாங்குகிற சாக்கில் கடைக்குள் நுழைந்தேன். ஷம்சியா கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, ஆனால் டீ வரவழைத்தாள். அவள் எங்கேயும் படம் அனுப்பவில்லையாம். அவள் வாங்கிப்போன ரோஜா அடியிலிருந்து அழுகத் தொடங்கியிருக்கிறது, வேர் ஏன் இப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்பதற்காகத்தான் எடுத்தாளாம். என்னிடம் கேட்க நினைத்தவளைத்தான் நான் உளவாளி என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னாள். கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் ஓமான் நம்பர் வண்டியிலிருந்து ஒருவர் சேது சார் காருக்குச் சாக்கு மூட்டைகளை மாற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். "அக்கா, ஒங்க மூக்குதான் அவருக்கும். சிரிச்சா ஒங்களை மாதிரியே இருந்துச்சு. ஒங்களுக்காகத்தான் நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்கல" என்றாள்.

ஸ்ரீகாந்த், டீயை அப்படியே வைத்துவிட்டேன். குழுவிலிருந்து அவளை விரட்டினார்கள், அவள் பெயரைக் கெடுத்தார்கள், அப்போதும் அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "அவன் என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். உன் வேலைக்கு அவர் நேர்வழியில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார். நாளாகும், ஆனால் கிடைக்கும் என்கிறார்.

போன சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். பிப்ரவரியில் வட்டம் நடத்தும் செடிக் கண்காட்சியைப் பற்றிப் பேச்சு நடந்தது. நடுவில் வைக்க இதுவரை யாரும் பார்க்காத அளவில் பெரிய மரம் ஒன்று வருகிறது என்று சேது சார் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, எந்த நர்சரியிலிருந்து சார், நாம் எல்லாரும் ஒருநாள் போய்ப் பார்க்கலாமே என்றேன். போகலாம் போகலாம் என்றார். பெயர் மட்டும் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். அப்போது உமாராணி, யாருக்கும் எதிராகப் பேசாத உமாராணி, "ஆமா சார், பேரைச் சொல்லுங்க, கண்காட்சிப் பலகைல எழுதணும்ல" என்றாள். அவள் வெள்ளந்தியாகக் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கை தட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செடிகளைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று அவர்களுக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கையில்லாத இடத்தில் நான் எதற்கு என்று சேது சார் எழுந்துகொண்டார். அது அவருடைய வீடு, ஆகவே நாங்கள்தான் வெளியே வந்தோம். அன்று மாலையே குழுவிலிருந்து விலகிவிட்டார். இனிக் கூட்டங்கள் உமாராணி வீட்டு மொட்டைமாடியில். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத செடி மேஜைக்கு வராது என்று முடிவு செய்திருக்கிறோம். ஷம்சியாவைத் திரும்பச் சேர்த்தாகிவிட்டது. நானே போய்க் கூப்பிட்டேன். அவளுடைய ரோஜா பிழைக்கவில்லை.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சேது சார் என் அருகே வந்து, "தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறீங்களா?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெரிய மரம் இன்னும் எங்கேயோ இருக்கிறது. தோண்டியாகிவிட்டதா, சாக்கில் சுற்றியாகிவிட்டதா, யார் வண்டியில் ஏறப்போகிறது, தெரியாது. வட்டத்தை விட்டவர் வியாபாரத்தையும் விட்டுவிட்டாரா என்பதும் தெரியாது. போன வாரம் எல்லைச் சாவடியில் ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி, வெங்காய மூட்டைகளுக்கு அடியில் இருந்த செடிகளைப் பிடித்தார்களாம். ஓட்டிவந்தவர் இன்னும் வெளியே வரவில்லை. ஏற்றிவிட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஓட்டுநருக்கும் எங்கேயாவது ஒரு அக்கா இருப்பாள்.

செய்தி வந்த அன்று முழுக்க நீ போன் எடுக்கவில்லை. மாலையில் ஷிப்ட் என்று மெசேஜ் போட்டாய். அதையும் நம்பினேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

வரும் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாய். சேது சார் உன்னைக் கூப்பிட்டாரா, நீ என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், அதை வைத்துக்கொண்டு நான் தூக்கம் கெட வேண்டும். உனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்திருப்பேன். தாரிணி உன்னோடு தமிழில் பேசுவதாக மாமாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறாள். மாமா எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் காலையிலிருந்து காத்திருப்பார். வேண்டாம் என்று சொல்லாதே, அவராகவே சொன்னது.

நீ நன்றாக இருக்க வேண்டும். சாவடியில் டிக்கியைத் திற என்று சொன்னால் ஒரு நொடிகூடத் தயங்காமல் திறக்கிறவனாக நீ வந்து சேர வேண்டும், கண்ணா.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா
ஷியாமளா