நாற்பத்தொன்றாவது விண்ணப்பம்

இகோட் எனின்,
செவ்வாய்க்கிழமை

என் மகன் கூஃப்ரேக்கு,

உன் உடம்பு எப்படி, ஆஸ்பத்திரி வேலை எப்படி, அந்த ஊர்க் குளிர் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், மற்றதைச் சொன்ன பிறகு கேட்க எனக்கு முகம் இருக்காது. உன் அம்மா அரித் சுகம். நான் உயிரோடு இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன், என் போனை நொறுக்கிவிட்டார்கள், அம்மா தன் போனில் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். பொய். ஊரார் அடித்தார்கள். அடி வாங்க வேண்டியவன்தான் வாங்கினேன், அதனால் யார் மேலும் பல்லைக் கடிக்காமல் முழுசாகப் படி.

நம் பக்கத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பெரிய சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறித்த அன்று உன் சித்தப்பா எத்துக் போலீஸ் குண்டை நெஞ்சில் வாங்கி, வீட்டுக்குத் தூக்கி வந்ததும் என் மடியில் செத்தான், உனக்கு அப்போது பத்து வயசு, வாசலில் நின்று பார்த்தாய். அப்படி வந்தது அந்தப் பல்கலைக்கழகம். இன்றைக்கு அதன் கதி என்ன தெரியுமா? எந்தப் பல்கலைக்கழகத்தை எத்தனை பிள்ளைகள் முதல் விருப்பமாக எழுதினார்கள் என்று தேர்வு வாரியம் வருஷா வருஷம் பட்டியல் போடுகிறதே, அதில் நம்முடையது கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் நம் வட்டாரப் பிள்ளைகளிலேயே பத்துக்கு ஏழு பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தை எழுதினார்கள். அங்கே மருத்துவம் இருக்கிறது, பழைய பேர் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் நம்முடையதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒன்பது. ஒன்பதே ஒன்பது! அவனவனுக்கு இருக்கும் ஊர்ப்பற்று நம் ஆட்களுக்கு இல்லையே என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த வருஷமும் எண்ணிக்கை இறங்கினால் நம்முடையதை அந்தப் பக்கத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படியானால் என் தம்பி எதற்குச் செத்தான்? இதைத்தான் ராவும் பகலும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் முகவரியும் நான்தானே திறந்து கொடுப்பேன், கடவுச்சொல்லை மறந்துவிட்டு மறுநாளே வந்து நிற்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதியும் வைப்பேன், உனக்குத் தெரியாததா. ஊரில் எல்லாக் கடைக்காரனும் செய்வதுதான். இந்த வருஷம் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் கேட்டபடியே எழுதிக் கையில் தாளும் கொடுத்து அனுப்பினேன், அவர்கள் தலை மறைந்ததும் அந்தக் கடவுச்சொல்லால் உள்ளே போய் முதல் விருப்பத்தை நம் பல்கலைக்கழகமாக மாற்றினேன். நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் ஊரார் பெற்றது. நாற்பத்தொன்றாவது உன் தங்கை இதாரா.

பட்டியல் வந்தது. போன வருஷத்தைவிட இருபத்தாறு அதிகம். என் நாற்பத்தொன்றைக் கழித்துப் பார், பதினைந்து குறைவு. கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊர் ஆடு வெட்டியது, ஊர்த் தலைவர் மேடையேறி நம் பிள்ளைகளுக்கு மண்பாசம் திரும்பிவிட்டது என்றார், நம் கடைக்காரரின் உழைப்பும் இதில் உண்டு என்று என் கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தினார்கள். நான் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன், பல்லைக் காட்டிக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டேன். இதாரா எனக்குக் கை தட்டினாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் நேர்முகத் தேர்வு என்று பொதுவாக அறிவித்தார்கள். மெக்கானிக் உடோவின் மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு படகில் போனான், கேட்டிலேயே நிறுத்தி, நீ எங்களைக் கேட்கவே இல்லையே தம்பி, உன் ஊரைத்தான் கேட்டிருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனோடு போன இன்னும் பதினோரு பேருக்கும் அதே பதில். இதாராவும் அதில் ஒருத்தி. மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள், உன் தங்கை நேரே கடைக்கு வந்தாள். நோட்டைக் காட்டுங்க என்றாள். எந்த நோட்டு என்றேன். என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். மருத்துவம் இல்லாத இடத்தில் என்னைக் கட்டிப் போட நீங்கள் யார், செத்துப்போன தம்பிக்கு உயிரோடு இருக்கிற மகளைப் பலி கொடுப்பீர்களா என்று கத்தினாள். எத்துக்கின் பேரை எடுத்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடித்தேன், கூஃப்ரே. கையில் இருந்த கீபோர்டால் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று மேஜைமேல் விழுந்தது. கீழே விழுந்தவளை இன்னொரு தரம் அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கையைத்தான் பிறகு உடைத்தார்கள், சரியான கையைத்தான் உடைத்தார்கள்.

வாசலில் அதற்குள் கூட்டம். மகன் வீட்டில் அழுவதைக் கேட்டுவிட்டு உடோ இரும்புக் கம்பியோடு வந்துவிட்டான், அவன் பின்னால் தாய்மார்களும் தகப்பன்மார்களும் அரிவாளும் உலக்கையுமாக. கம்ப்யூட்டர்களைத் தூக்கித் தெருவில் போட்டார்கள், என்னை முடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள், உடோ முதல் அடியிலேயே கையை ஒடித்தான், எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. யார் எங்கே மிதித்தார்கள் என்று சொல்லத் தெரியாது. விலா இரண்டு போயிற்று. பிறகு உடோவின் பட்டறையிலிருந்து டயர் வந்தது. திருடர்களுக்கு மாட்டிக் கொளுத்துகிறார்களே, அப்படிக் கழுத்தில் மாட்டினார்கள், பெட்ரோல் என் தலையிலிருந்து கண்ணுக்குள் வழிந்தது. உன் அம்மா அவர்கள் காலைப் பிடித்துக் கதறினாள், யாரோ அவளை எட்டி உதைத்தார்கள். கண்ணைத் திறந்தால் இதாரா கடை வாசலில் நிற்கிறாள், வாயில் ரத்தம் ஒழுக. உடோ தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடமே கேட்டான், "நீ சொல்லுடி பொண்ணு, உன்னையும்தானே வித்தான். கொளுத்தட்டுமா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள், "வேண்டாம். நோட்டு எங்க இருக்குன்னு இவருக்கு மட்டும்தான் தெரியும்."

கூரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள், டயரைக் கழற்றினார்கள், போய்விட்டார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, நிஜமாகவே நோட்டுக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், உனக்கு அந்தக் கவலை ஒரு கேடா என்று திட்டினாள்.

விருப்பத்தை மாற்றிக்கொள்ள வாரியம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை. தேவாலயத்து வாத்தியார் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து நாற்பது பிள்ளைகளுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார், அந்தப் பக்கத்திலும் இவர்களுக்குத் தனியாக ஒரு நாள் தேர்வு வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். உடோவின் மகன் தேறிவிடுவான். இதாரா மட்டும் மாற்றவில்லை. கடவுச்சொல்லை அவள் மாற்றிவிட்டாள், வாத்தியாராலும் திறக்க முடியவில்லை. உன் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், அம்மா போன் போட்டால் எடுக்கிறாள், பின்னால் என் இருமல் கேட்டால் வைத்துவிடுகிறாள். நாள் முடியப்போகிறதே மாற்றம்மா என்று அம்மா கெஞ்சினாளாம். அதற்கு அவள், நாற்பது பேரும் போயிட்டாங்க, அப்பாவுக்கு எண்ணிக்கைதானே வேணும், மிச்சம் ஒண்ணு நான் இருக்கேன், அங்கேயே ஏதோ ஒரு படிப்புப் படிக்கிறேன், தினமும் காலையில அவர் வாசல் வழியாத்தான் போவேன், பார்க்கட்டும் என்றாளாம்.

நானூற்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கியவள். அவள் வீம்பு உனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். சொன்னால் செய்வாள். என்னை எரிக்க உடோவுக்குப் பெட்ரோல் வேண்டியிருந்தது, அவளுக்கு அதுவும் தேவையில்லை.

அவள் உன் பேச்சை மட்டும்தான் கேட்பாள். இதைப் படித்த கையோடு கூப்பிடு. இரவு வேலை முடிந்து அசதியாக இருந்தாலும் கூப்பிடு, திட்டு, அழு, எதையாவது செய். நம் பல்கலைக்கழகம் உனக்கு வேண்டாம், ஆற்றைத் தாண்டிப் போய் டாக்டராகு என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்காக என்றால் மாற்றவே மாட்டாள். என்னை நீயும் கேவலமாகப் பேசு, அவளோடு சேர்ந்து பேசு, அதனால் அவள் மனசு இளகினால் இன்னும் நன்றாகப் பேசு. பல் கட்டுவதற்கு நல்ல இடம் எது என்று உன் ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சொல்.

நீ நீடூழி இரு, உன் கை தொட்ட நோயாளி எழுந்து நடக்கட்டும், உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் தாங்கள் நினைத்த இடத்துக்குப் போகட்டும். காதை மூடிக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை, நான்கு மணி, நம் நேரம்.

உன் அப்பா,
இமே எத்திம்