நீ அனுப்பிய பெட்டி திரும்பி வருகிறது

என் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா, அவள் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் வாண்டு, எல்லாரும் நலம். நீ நலமா என்று இத்தனை வருஷமாக வழக்கத்துக்காகக் கேட்டுவந்தேன், இந்த முறை நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்கிறேன். இதைத் தபாலில் போட மனசு வராமல் அப்பா கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ படிக்கும்போது அவர் எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருப்பார், கண்டுகொள்ளாதே. பஸ் சீட்டுக்கு உறை தைத்தே காலம் தள்ளிய மனுஷன், முதல் தடவையாக விமானம் ஏறியிருக்கிறார், சீட்டைத் தடவிப் பார்த்து தையல் சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கட்டாயம் சொல்லியிருப்பார். வழியில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், ஏதாவது கொடு.

உன் பெட்டி போன வாரம் வந்தது. அக்காதான் பிரித்தாள், நான் அடுப்பருகே நின்றிருந்தேன். கேமரா அவளுக்கு, சால்வை எனக்கு, நீ முதல்முதலில் வேலைக்குக் கிளம்பியபோது அப்பா ஆசையாகக் கொடுத்த இஞ்ச் டேப் திரும்ப அப்பாவுக்கே. அந்தக் கேமராவை யாரையும் தொட விடமாட்டாயே, பக்கத்தில் யாராவது தும்மினால்கூட லென்ஸை மூடுவாயே. அக்கா சிரித்துக்கொண்டே, என்னம்மா இவ, சொத்தப் பிரிச்சுக் குடுக்கற மாதிரி அனுப்பியிருக்கா என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை, அதே அடுப்பருகே நின்று, நான் உன் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என் தம்பியை உனக்குக் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கும். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். வீட்டுக்கு வந்தால் ஒழுங்காக வரமாட்டான், கீழேயே நம் மாடி பட்டனை அழுத்தி வெறும் லிஃப்ட்டை மேலே அனுப்பிவிட்டுப் படியில் ஓடி வருவான். லிஃப்ட் கதவு திறக்கும், உள்ளே ஆள் இருக்காது, மாமா வந்தாச்சு என்று நீ குதிப்பாய், அவன் மூச்சு வாங்கிக்கொண்டு படியிலிருந்து தலையை நீட்டுவான். அப்படிப்பட்டவன் அந்த வருஷம் பேச்சைக் குறைத்துக்கொண்டான், தூக்கமில்லை என்றான், உங்களுக்கெல்லாம் நான் பாரம்க்கா என்றான். போடா லூசு என்று சோறு போட்டேன். பிறகு ஒரு நாள் திடீரென்று முகம் தெளிந்துவிட்டது. டூல்ஸ் பையைக் கூட வேலை செய்பவனுக்குக் கொடுத்தான், பைக்கைச் சிநேகிதனுக்கு, நீலச் சைக்கிளை உனக்கு, வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சை எனக்கு. பையன் தேறிவிட்டான் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். என்னடா, சொத்தப் பிரிச்சுக் குடுக்கறியா என்று கேலி செய்தேன், அவனும் என்னோடு சேர்ந்து சிரித்தான். நெஞ்சுவலியில் போய்விட்டான் என்றுதானே உன்னிடம் சொன்னோம். ஊர் வாய்க்குப் பயந்து எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னோம். அது உண்மையில்லை குட்டிம்மா, உன் மாமா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இன்றைக்கும் லிஃப்ட் நம் மாடியில் வந்து நின்று யாரும் இறங்காவிட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிடுகிறேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். அப்பா அடுப்பை அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அந்த டார்ச்சுக்கு இன்னும் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறேன், எதற்கு என்று எனக்கே தெரியாது.

பெட்டி வந்த அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன் அல்லவா. ரூம்ல இடமில்லம்மா, இனி எனக்கு அதெல்லாம் தேவைப்படாது என்றாய். மாதக்கணக்காகத் தூக்கமில்லை, பசியில்லை, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் இருக்கிறேன் என்று புலம்பியவள், அன்றைக்குக் கலகலவென்று பேசினாய். அந்தக் குரலுக்காக எத்தனை நாள் ஏங்கினேன், கேட்டபோது மாமாவின் தெளிந்த முகம்தான் கண்முன் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சாப்பிட்டியா என்றுதான் வந்தது. சாப்பிட்டேன் என்றாய். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் வேலை பார்க்கும் சலவைப் பிரிவுக்குப் போகாமல் நேராக மேல்மாடி மனநல டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கோட்டுக்கு இஸ்திரி போடுகிறவள், பாக்கெட் மைக்கறையைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேசினதில்லை, அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதிப் பாரம் இறங்கும், அதுவரைக்கும் தனியா விடாதீங்க என்றார். அதனால்தான் உன் அறைத்தோழிக்குப் போன் போட்டேன். அப்பா வந்து சேரும்வரை அவள் உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்தது என் வேலை. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே, திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு.

ஆகவே கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? ஆமாம் என்றால் அப்பாவிடம் ஆமாம் என்று சொல், வாயில் வராவிட்டால் தலையை ஆட்டு. அவர் உபதேசம் செய்யமாட்டார், ஏன் எதற்கு என்று குடையமாட்டார், என் முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். முதல் ஒத்திகையில் அவரே அழுதுவிட்டார், பிறகு பரவாயில்லை. இல்லை என்றால் அம்மா வீணாக ஊரைக் கூட்டிவிட்டாள் என்று சிரித்துக்கொள், என் மானம் போனால் போகட்டும். எதுவானாலும் உன் தோழி பார்த்து வைத்திருக்கும் டாக்டரிடம் அப்பாவோடு போய் வா. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன பேசினாய் என்று அவர் கேட்கமாட்டார், நானும் கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன். அந்த டாக்டரோடு ஒத்துவராவிட்டால் இன்னொருவரைப் பார்க்கலாம், மருந்து கொடுத்தால் உடனே கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதே. எங்கள் சலவை வண்டி டிரைவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தாராம், வைத்தியம் பார்த்து மெதுவாகத் தேறினாராம், இந்த வாரம்தான் எனக்கே சொன்னார். இப்போது அவர் வாயை மூடவைக்கத்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை. எந்த நேரத்தில் மனசு கெட்டாலும் என்னைக் கூப்பிடு, நான் எடுக்காவிட்டால் உன் தோழி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் உதவி நம்பரைக் கூப்பிடு. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்காதே, உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல். நெஞ்சுவலி என்று இந்த வீட்டில் ஒரு தடவை சொன்னதே போதும். நீ எங்களுக்குப் பாரமில்லை, இதை மாமாவிடம் சொல்லாமல் சோற்றைப் போட்டேன், உன்னிடம் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சால்வையை நான் போர்த்திக்கூடப் பார்க்கவில்லை, அங்கே குளிரும், நீயே போட்டுக்கொள். குழந்தையின் முதல் படத்தை நீதான் எடுக்க வேண்டுமாம், கேமராவை வைத்துக்கொள்ளமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். இஞ்ச் டேப்பை அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கிறார், அவராகக் கொடுப்பார். நல்லபடியாக நூறு வயசு இரு என்று எல்லாக் கடிதத்திலும் கைபோகிற போக்கில் எழுதுவேன், இதில் உன்னைக் கெஞ்சி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வீட்டுக்கு வருகிற அன்றைக்கு நான் லிஃப்ட் வாசலிலேயே நிற்பேன். கதவு திறக்கும்போது உள்ளே நீ நிற்க வேண்டும்.

என்றும் உன்,
அம்மா