முன்கள வீரன் கோல் காத்த ஞாயிறு

ஹவுன்ஸ்லோ, லண்டன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே அன்ட்வெர்ப்பில் குளிர் கூடிவிட்டதாம், கம்பளிச் சட்டை போடாமல் கோயிலுக்குப் போகாதீர்கள்.

பெல்ஜியத்தில் பத்து வருடம் முன்கள வீரனாக ஓடி, முழங்கால் காயத்தால் ஓய்வு பெற்ற உங்கள் மகன் போன ஞாயிறு மறுபடியும் மைதானத்தில் இறங்கினான். பயப்படாதீர்கள். தமிழ்க் கழகங்களின் போட்டிதான். எங்கள் கோல் கீப்பர் வரவில்லை.

"அண்ணை, நீங்கள் கோல் அடிச்ச ஆள். காக்க ஏலுமோ?" என்று கப்டன் கிருஷாந் கேட்டான்.

"அடிக்கிறவன்ர புத்தி எனக்குத் தெரியாதோ?" என்றேன்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் நிற்க, கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அடிக்க வந்தவன் ஒரு மூலையை வேண்டுமென்றே உற்றுப் பார்த்தான். அதே பார்வையால் நான் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன்! மற்ற மூலைக்குப் பாய்ந்தேன். பந்து என் கைக்குள், கிண்ணம் எங்களுக்கு.

தோள் கொஞ்சம் நோகிறது. உங்கள் மேசை லாச்சிக்குள் இருக்கும் நோவெண்ணெயை அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது.

விமான நிலையத்தில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். "என்ர பிள்ளையின்ர காலை முறிச்சுப்போடுவாங்கள்" என்று என் ஆட்டம் ஒன்றைக்கூட நீங்கள் பார்க்க வரவில்லை. இப்போது நான் கோலில் நிற்கிறேன், அம்மா. ஒருவரும் காலில் அடிக்கமாட்டார்கள். வந்து பாருங்கள்.

உங்கள் மகன்
பிரதாபன்