மூன்று பானைத் தண்ணீர்

1961 பங்குனி 4
சத்தியமாக எழுதுகிறேன்: இனி வரும் கதையை இலங்கையில் ஒரு காகம்கூட நம்பாது. இரணைமடு வாய்க்காலில் ஓடுவது தண்ணீரல்ல, சேறு. அதில் இறங்கிய எருமை இரண்டு சுற்றுப் பருத்துத்தான் கரையேறும். அந்தச் சேற்றை என் அக்கா அன்னபாக்கியத்தின் மகள் கமலாசனி கங்கையாக்குகிறாள். மேற்பானையில் வாய்க்கால் தண்ணீர், நடுப்பானையில் மணலும் தேங்காய்ச் சிரட்டைக்கரியும், கீழ்ப்பானையில் பளிங்கு!

பங்குனி 9
ஞாயிறு புதுக்குடியிருப்பிலிருந்து கமலாசனியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை கதிர்காமநாதன், கிளாக்கர். பழைய மணலையும் கரியையும் கொட்டிவிட்டுப் பிள்ளை புதிதாகச் சிரட்டை சுட்டாள். கையெல்லாம் கொப்புளம்.
"மாமா, ஞாயிறு அண்டைக்கு மட்டும் வாயைத் திறவாதேங்கோ" என்றாள்.
என் வாயையா? இரணைமடு அணைக்கட்டே அதைத் தாங்காதே!

பங்குனி 12
சம்பந்தம் மனதுக்குப் பிடிக்காமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் விறைத்தபடி இருந்தா. கடைசியில் தானாகவே, "கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றா. அத்தான் இளையதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.
செம்பு முழுவதையும் குடித்தா. "என்ன தெளிவு! எப்பிடிப் பிள்ளை வடிக்கிறனீ?"
கமலாசனிக்கு முன் நான் முந்திக்கொண்டேன். "சுடலைக்கரி, சம்பந்தியம்மா! போன கிழமை எரிஞ்சவர் நல்ல இனிப்பான மனிசன்."
சிரித்தேன். நான் மட்டும்.
அவ முற்றத்துக்கு ஓடி ஓங்காளித்தா. "பகிடி, வெறும் பகிடி—" என்று பின்னால் ஓடினேன்.
கார் போய்விட்டது.

பங்குனி 14
கதை எனக்கு முன்னரே சந்தைக்குப் போய்விட்டது. அங்கே கரிக்குள் எலும்பும் முளைத்திருக்கிறது. என்னை மிஞ்சிய புளுகர்கள்!

சித்திரை 2
வயலில் நெல் சூடடிக்க வந்தவர்களும் தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவந்தார்கள். அத்தான் பானைகளை உடைத்துவிட்டு, வவுனியாவிலிருந்து பீங்கான் வடிகட்டி ஒன்று கொண்டுவந்தார். அதிலும் யாரும் வாய் வைக்கவில்லை.

சித்திரை 20
கதிர்காமநாதனுக்கு முள்ளியவளையில் பெண் சரிவந்துவிட்டதாம்.

வைகாசி 7
மத்தியானம் தண்ணீர் கேட்டேன். கமலாசனி செம்பை வைத்தாள். கலங்கல். அடியில் ஏதோ நெளிந்தது.
"இது வாய்க்கால் தண்ணியெல்லோ, பிள்ளை?"
"ஓம் மாமா. கரி படாதது. பயப்பிடாமல் குடியுங்கோ."
போகாமல் நின்று பார்த்தாள். குடித்தேன்.
எருமை பருத்தது பொய். சுடலை பொய். எரிந்தவரும் பொய். ஒன்று மட்டும் உண்மை — அவள் வடித்த தண்ணீர் இனித்தது.